கூட்டம் கலைந்த மறுநாள்

வாஷிங்டனில் ஒவ்வொரு ஜனவரியிலும் கருக்கலைப்பு எதிர்ப்புப் பேரணி முடிந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி: எத்தனை பேர் வந்தார்கள்? மசோதாக்களைப் பின்தொடர்வதையே வேலையாகக் கொண்டவர்களுக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயன் கிடையாது. முதலில், தலை எண்ணுவதே தகராறு. 1995இல் நடந்த வேறொரு பெரும் பேரணிக்கு அமெரிக்க தேசியப் பூங்காத் துறை சொன்ன எண்ணிக்கை சண்டையில் போய் முடிந்தது. அதோடு எண்ணிக்கை வெளியிடும் வழக்கத்தையே அந்தத் துறை விட்டுவிட்டது. அமைப்பாளர்கள் ஓர் எண் சொல்வார்கள், எதிர்த்தரப்பு அதில் பாதியைச் சொல்லும். வான்வழிப் படத்தில் கட்டம் போட்டு, தளர்வாக நிற்கும் கூட்டத்துக்கு ஆளுக்கு 10 சதுர அடி, தோள் உரச நிற்கும் கூட்டத்துக்கு 4.5 சதுர அடி என்று வகுத்தால் ஓரளவு நம்பத்தக்க எண் வரும். ஆனால் அந்த எண்ணை வைத்து எந்த மசோதாவின் தலைவிதியையும் சொல்ல முடியாது.

மாநில சட்டமன்ற உறுப்பினரின் கணக்கு வேறு. கேன்சஸ் மாநிலத்தின் பிரதிநிதிகள் சபையில் 125 இடங்கள். மாநிலத்தின் மக்கள்தொகை 30 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒரு தொகுதிக்குச் சுமார் 23,000 பேர். குழந்தைகள், பட்டியலில் பெயர் இல்லாதவர்கள், பெயர் இருந்தும் வராதவர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் என்று கழித்துக்கொண்டே வந்தால், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஆகஸ்டில் நடக்கும் முதன்மைத் தேர்தலில் மிஞ்சுவது சில ஆயிரம் வாக்குகள். அங்கே 200 வாக்கு பதவியைக் காப்பாற்றும், பறிக்கவும் செய்யும். தலைநகரில் லட்சம் பேர் நின்றாலும் அசையாத ஓர் உறுப்பினர், தன் தொகுதியிலிருந்து 30 பேர் ஒரே வாரத்தில் பெயரும் அஞ்சல் குறியீடும் சொல்லித் தொலைபேசியில் அழைத்தால் உதவியாளரைக் கூப்பிட்டு என்ன விஷயம் என்று விசாரிப்பார்.

போராட்டம் முடிந்து அலுவலகங்களுக்குள் வருகிறவர்களிடம் உதவியாளர் கேட்பது இரண்டே கேள்விகள். எந்தத் தொகுதி? எந்த மசோதா? இரண்டாவதற்குப் பதில் இல்லாதவர்கள் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் குறிப்பேட்டில் ஏறுவது ஒரு கோடுதான். “உயிரைக் காப்பாற்றுங்கள்” என்பதை வைத்து ஓர் உதவியாளரால் எதுவும் செய்ய முடியாது. மசோதா எண், அது எந்தக் குழுவில் கிடக்கிறது, குழுத் தலைவர் எந்தத் தேதியில் அதை எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள், இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தத் தாள் மேசையைவிட்டு உள்ளறைக்குப் போகும். கருக்கலைப்பு உரிமைக்காக வருகிறவர்களுக்கும் இதே விதிதான்.

மசோதாக்களைப் பின்தொடர்கிறவர்களின் கண்காணிப்புத் தாளில் ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு வரிசை. எண், குழு, விசாரணைத் தேதி, இணைந்து முன்மொழிந்தவர்கள், திருத்தங்கள், வாக்குப்பதிவு என்று கட்டங்கள் போகும். கடைசிக் கட்டம் “போராட்டம்: இடம், தேதி”. அந்தக் கடைசிக் கட்டத்துக்கும் மற்றவற்றுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலையின் கடினமான பகுதி. பார்க்க வேண்டிய தடயங்கள் நான்கு. போராட்டத்துக்குப் பிந்தைய இரண்டு மூன்று வாரங்களில் புதிதாக யாராவது கையெழுத்திட்டு மசோதாவோடு சேர்ந்தார்களா? கிடப்பில் போட்டிருந்த குழுத் தலைவர் அதை நிகழ்ச்சி நிரலில் வைத்தாரா? உரையில் ஒரு சொல்லாவது மாறியதா? போன தடவை ஒரு பக்கம் வாக்களித்தவர் இந்தத் தடவை மறுபக்கம் போனாரா? நான்கும் இல்லையென்றால் நடந்தது ஒரு நிகழ்ச்சி, அவ்வளவே. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். திங்கட்கிழமை பேரணி, வியாழக்கிழமை மசோதா நிறைவேறியது, ஆகவே பேரணியால் நிறைவேறியது என்று எழுதிவிடுவார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பெரும்பாலும் அந்த வாக்குகள் முந்தைய தேர்தலிலேயே முடிவாகியிருக்கும்.

பேரணியின் தேதி மட்டும் யாரும் பெரிதாகத் திட்டமிடாமலே அவர்களுக்கு வாய்த்த வரம். கருக்கலைப்பு அரசமைப்பு தரும் உரிமை என்று ரோ எதிர் வேட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 7-2 கணக்கில் தீர்ப்புச் சொன்ன நாள் 1973 ஜனவரி 22. அதன் முதல் ஆண்டு நாளான 1974 ஜனவரி 22 அன்று நெல்லி கிரே என்ற வழக்கறிஞரின் முயற்சியில் முதல் பேரணி நடந்தது. பெரும்பாலான மாநில சட்டமன்றங்கள் கூடுவதும் ஜனவரியில்தான். மசோதா தாக்கல் செய்யும் கெடு சில வாரங்களில் முடிந்துவிடும். ஓர் அவையிலிருந்து மறு அவைக்குப் போக வேண்டிய கெடு பல மாநிலங்களில் பிப்ரவரி, மார்ச்சிலேயே வந்துவிடும். ஜனவரிக் கூட்டம் கலைந்து ஊர் திரும்புகிறவர்கள், அவரவர் மாநிலத் தலைநகரில் குழு விசாரணை தொடங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறார்கள். ரோ தீர்ப்பை ரத்து செய்த டாப்ஸ் தீர்ப்பு வந்தது 2022 ஜூன் 24. ஜூன் இறுதியில் பல மாநிலங்களில் அவை கலைந்து உறுப்பினர்கள் வீட்டில் இருப்பார்கள். அந்த நாளில் கூடுகிற கூட்டம், எந்தத் தரப்பு ஆனாலும், பூட்டிய கதவைத் தட்டுகிறது.

அந்தப் பேரணியின் மூலக் கோரிக்கை என்னவாயிற்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கருவுக்கு உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசமைப்புத் திருத்தம்தான் அவர்கள் கேட்டது. அதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், பிறகு 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும். 1983 ஜூன் 28 அன்று செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது அதைவிட நீர்த்த ஒரு வடிவம், கருக்கலைப்பு உரிமை அரசமைப்பில் இல்லை என்று மட்டும் சொல்வது. அதற்கே 49-50. சாதாரணப் பெரும்பான்மைகூடக் கிடைக்கவில்லை. கோரிக்கையை வைத்து அளந்தால் இது தோல்வி.

ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, தெருவில் யாரும் முழக்கமாக எழுப்பாத ஒரு வழியில், நிஜமான கொள்கை மாற்றம் நடந்துவிட்டது. இல்லினாய்ஸ் உறுப்பினர் ஹென்றி ஹைட் 1976இல் ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு சின்ன வாசகத்தைச் செருகினார்: ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் கூட்டரசுப் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது, மிகச் சில விலக்குகள் தவிர. 1980இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதை ஏற்றுக்கொண்டது. இதன் சூட்சுமத்தைப் புரிந்துகொள்வது முக்கியம். ஹைட் திருத்தம் நிரந்தரச் சட்டம் கிடையாது. ஆண்டுதோறும் சுகாதாரத் துறையின் ஒதுக்கீட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. அதை நீக்க விரும்புகிறவர்கள் முழுத் துறையின் பணத்தையும் முடக்கும் அபாயத்தை ஏற்க வேண்டும். 2021இல் பைடன் நிர்வாகம் அதைச் சேர்க்காமலே பட்ஜெட் முன்மொழிந்தது, கீழவையும் அப்படியே நிறைவேற்றியது. இறுதிச் சட்டத்தில் அது திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. ஆண்டுதோறும் ஜனவரியில் கூடும் கூட்டம் செய்கிற வேலை இங்கேதான் தெரிகிறது. புதிதாக எதையும் நிறைவேற்றுவதைவிட, இருக்கிற ஒரு வாசகத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்று நினைவூட்டிக்கொண்டே இருப்பது. காவல் காக்கிற போராட்டம். செய்தியில் வராது, ஆனால் பலிக்கும்.

மசோதா எழுதுவது தனிக் கலை. முழக்கத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் எத்தனை அடி பள்ளம் என்பதற்கு, 1990களின் நடுவில் எதிர்ப்பாளர்கள் பரப்பிய “பாதிப் பிறப்புக் கருக்கலைப்பு” என்ற சொல்லைவிட நல்ல உதாரணம் இல்லை. மருத்துவப் புத்தகங்களில் அப்படி ஒரு சொல் கிடையாது. பதாகையில் அது பிரமாதமாக வேலை செய்தது. நெப்ராஸ்கா அதைச் சட்டமாக எழுதியபோது விளக்கம் தளர்வாக இருந்தது. வழக்கமாகப் பயன்படும் வேறு முறைகளும் அதற்குள் விழுந்தன. தாயின் உடல்நலத்துக்கான விலக்கும் இல்லை. 2000இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அடித்தது. மூன்றாண்டு கழித்துக் கூட்டரசுச் சட்டம் எழுதியவர்கள் பாடம் கற்றிருந்தார்கள். தலை முதலில் வந்தால் முழுத் தலையும் தாயின் உடலுக்கு வெளியே, கால் முதலில் வந்தால் தொப்புளுக்கு மேல் வரை வெளியே என்று உடற்கூற்று எல்லைகளை வைத்தே வரையறுத்தார்கள். 2007இல் அதே நீதிமன்றம், இரண்டு நீதிபதிகள் மாறிய நிலையில், 5-4 என்று ஏற்றது. உடல்நல விலக்கு அப்போதும் இல்லை. பதாகையை எழுதியவரும் தொப்புளை எழுதியவரும் ஒரே இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், ஆனால் ஒரே ஆட்கள் அல்ல. இரண்டாவது ஆள் இல்லாத இயக்கம் நீதிமன்றப் படியில் நின்றுவிடும்.

இனி, மறியல். ராண்டல் டெரி 1980களின் நடுவில் தொடங்கிய ஆபரேஷன் ரெஸ்க்யூ என்ற அமைப்பு, கருக்கலைப்பு கிளினிக் வாசலில் உட்கார்ந்து வழியை அடைப்பதை ஒரு நுணுக்கமான தொழில்நுட்பமாகவே வளர்த்தது. 1988 ஜனநாயகக் கட்சி மாநாட்டில் தொடங்கி அடுத்த சில மாதங்களில் அட்லாண்டாவில் 1,200 பேருக்கு மேல் கைதாகி, பெயர் கேட்டால் சொல்லாமல் இருந்தார்கள். பெயர் இல்லாமல் ஜாமீன் ஆவணம் ஓடாது, சிறை நிரம்பும். காவலர் தூக்கும்போது உடம்பைத் தளர்த்திவிட்டால் ஒருவரைத் தூக்க மூன்று நான்கு காவலர்கள் வேண்டும். நடக்கச் சொன்னால் குழந்தை போல் சில அங்குலமாக நகர்வது, சைக்கிள் பூட்டால் கழுத்தைக் கம்பியோடு பூட்டிக்கொள்வது எல்லாம் நேரத்தைத் தின்பதற்கு. கிளினிக்கின் ஒரு நாள் அட்டவணை கலைந்தால் அவர்கள் கணக்கில் அது வெற்றி.

1991 ஜூலையில் இந்தப் படை கேன்சஸின் விச்சிட்டாவுக்கு வந்தது. தொடக்கத்தில் காவல்துறை சொன்ன யோசனைப்படி நகரத்தின் கிளினிக்குகள் ஒரு வாரம் தாங்களே மூடிக்கொண்டன. வந்தவர்கள் போய்விடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. நேர்மாறாக நடந்தது. கருக்கலைப்பே நடக்காத நகரம் என்று அறிவித்து, சில நாட்களுக்கு வந்தவர்கள் ஆறு வாரம் தங்கினார்கள். கைதுகள் 2,600ஐத் தாண்டின. கூட்டரசு நீதிபதி பாட்ரிக் கெல்லி, வாசலைத் திறந்து வைக்கக் கூட்டரசுக் காவலர்களான மார்ஷல்களை அனுப்பினார். அவர் கையிலெடுத்த கருவி, கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை ஒடுக்க வந்த 1871ஆம் ஆண்டுச் சட்டம். புஷ் நிர்வாகத்தின் நீதித் துறையே அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று மனு போட்டது.

1993 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வேறொரு மறியல் வழக்கில், அந்த 1871 சட்டம் இதற்குப் பொருந்தாது என்றது. எதிர்ப்பாளர்களுக்கு நல்ல செய்தி போலத் தெரிந்தது. மார்ச் மாதம் புளோரிடாவின் பென்சகோலாவில் டாக்டர் டேவிட் கன் கிளினிக்குக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். பழைய சட்டம் உதவாது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது, புதிய சட்டத்துக்கு அவசரமும் வந்துவிட்டது. 1994 மே 26இல் கிளின்டன் கையெழுத்திட்டது ஃபேஸ் எனப்படும் கிளினிக் நுழைவுச் சுதந்திரச் சட்டம். வன்முறை, மிரட்டல், உடலால் வழிமறிப்பது, கிளினிக் சொத்தைச் சேதப்படுத்துவது, இவற்றை மட்டும் அது தொடுகிறது. பேச்சை, பதாகையை, ஜெபத்தைத் தொடுவதில்லை. வழிபாட்டு இடங்களுக்கும் அதே பாதுகாப்பு. வன்முறையற்ற வழிமறிப்புக்கு முதல் தடவை 6 மாதச் சிறை, 10,000 டாலர் அபராதம் வரை. மறுபடி செய்தால் 18 மாதம், 25,000 டாலர் வரை. ஒரு நாள் கைதாகி மறுநாள் வீடு திரும்பும் கணக்கில் ஓடிய பெருந்திரள் மறியல் இதோடு ஒடுங்கியது. கருக்கலைப்பு எதிர்ப்பு மறியல் பொதுக்கொள்கையை மாற்றியதா என்று கேட்டால், மாற்றியது: தனக்கு எதிரான ஒரு கூட்டரசுச் சட்டத்தைப் பெற்றெடுத்தது.

இதோடு விச்சிட்டாவை மூடிவைத்தால் பாதிக் கதைதான். ஆறு வார மறியலில் கைதானவர்களில் உள்ளூர்க்காரர்கள் நிறைய. அதற்கு முன் அரசியலில் கால் வைக்காதவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். அவர்களுக்கு இப்போது பெயர்ப் பட்டியல் இருந்தது. 1992 ஆகஸ்ட் தேர்தலில் அவர்கள் குறிவைத்தது யாரும் கண்டுகொள்ளாத ஒரு பதவியை. கேன்சஸில் ஒவ்வொரு வாக்குச்சாவடி வட்டத்துக்கும் ஒவ்வொரு கட்சியிலும் ஓர் ஆண், ஒரு பெண் என்று இரண்டு குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சம்பளம் இல்லை. பல வட்டங்களில் நிற்க ஆளே இருக்காது. அக்கம்பக்கத்தார் சிலரை அழைத்துப் போனாலே ஜெயித்துவிடலாம். ஆனால் கவுண்டி எனப்படும் மாவட்ட அளவில் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பது இவர்கள்தான். சட்டமன்ற இடம் நடுவில் காலியானால் அதை நிரப்பும் வாக்கும் இந்தக் குழு உறுப்பினர்கள் கையில்தான். விச்சிட்டா அடங்கிய செட்ஜ்விக் கவுண்டியில் குடியரசுக் கட்சி அமைப்பு இப்படித்தான் எதிர்ப்பாளர்கள் கைக்குப் போனது. சாலையில் உட்கார்ந்ததால் ஒரு கருக்கலைப்புச் சட்டமும் வரவில்லை. உட்கார்ந்தவர்கள் எழுந்து போய் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதால் வந்தன.

விளைவு வர இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது. அதற்கு நடுவே, மறியலின் முதன்மை இலக்காக இருந்த கிளினிக்கின் டாக்டர் ஜார்ஜ் டில்லர் 2009 மே 31இல் விச்சிட்டாவில் தன் தேவாலயத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2015இல், கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் மிகச் சாதாரணமாகக் கையாளப்படும் கருக்கலைப்பு முறையை நாட்டிலேயே முதலாவதாகத் தடை செய்தது கேன்சஸ். அந்தச் சட்டமே வினையானது. அதை எதிர்த்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில், கருக்கலைப்பு உரிமை கேன்சஸ் அரசமைப்பிலேயே இருக்கிறது என்று 6-1 தீர்ப்பளித்தது. வாஷிங்டனில் ரோ விழுந்தாலும் கேன்சஸில் உரிமை விழாது என்று பொருள். இனி அரசமைப்பைத் திருத்தினால்தான் வழி. அதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு மக்கள் வாக்கு. 2020 பிப்ரவரியில் கீழவையில் தேவை 84, கிடைத்தது 80. அந்த ஆகஸ்ட் முதன்மைத் தேர்தலில் மிதவாதக் குடியரசுக் கட்சியினர் சிலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2021 ஜனவரியில் திருத்தம் நிறைவேறியது. 1992இல் கற்ற பாடத்தின் நேரடிப் பயன் இது. கண்காணிப்புத் தாளில் இவ்வளவு தெளிவாக ஒரு கோடு இழுக்க முடிவது அபூர்வம்.

மக்கள் வாக்கை நவம்பரில் வைக்காமல் 2022 ஆகஸ்ட் 2இல் வைத்தார்கள். கட்சி சாராதவர்கள் ஒரு கட்சியில் பதிவு செய்யாமல் முதன்மைத் தேர்தலில் வாக்களிக்க முடியாததால் ஆகஸ்டில் அவர்கள் வருவதே குறைவு, குடியரசுக் கட்சியினர்தான் அதிகம் வருவார்கள் என்ற கணக்கு. திருத்தத்துக்கு மட்டும் எல்லோரும் வாக்களிக்கலாம் என்பது விதி. டாப்ஸ் தீர்ப்பு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. 9 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். வேண்டாம் என்றவர்கள் சுமார் 59 சதவீதம். செட்ஜ்விக் கவுண்டியும் வேண்டாம் என்றே சொன்னது.

தொழில் நோக்கில் பார்த்தால் இதில் வியப்பு இல்லை. கருக்கலைப்பு எல்லா அல்லது பெரும்பாலான சூழ்நிலைகளில் சட்டப்படி அனுமதிக்கப்பட வேண்டும் என்போர் அமெரிக்காவில் நெடுங்காலமாகப் 10க்கு 6 பேர் என்ற அளவில்தான் நிற்கிறார்கள். ஐம்பது ஆண்டுப் பேரணிகள் அந்த எண்ணைப் பெரிதாக நகர்த்தவில்லை. அவை நகர்த்தியது கட்சிக் குழுக்களை, முதன்மைத் தேர்தல்களை, நீதிபதிகள் நியமனத்தை. வாக்காளர் நேரடியாக வாக்களிக்கும் இடத்தில் அந்த நெம்புகோல்கள் எதற்கும் பிடி கிடைப்பதில்லை. 2023இல் ஒஹாயோ 57 சதவீதத்தோடு உரிமையை அரசமைப்பில் எழுதியது. புளோரிடாவிலும் 2024இல் ஏறக்குறைய அதே 57 சதவீதம், ஆனால் அங்கே 60 தேவை என்பதால் தோற்றது. ஒரே அளவு மக்கள் ஆதரவு, விதி வேறு, முடிவு வேறு. தெருவில் எத்தனை பேர் என்பதைவிட, தேவைப்படும் சதவீதத்தை யார் எப்போது எழுதி வைத்தார்கள் என்பதைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கூட்டத்தின் சத்தம் ஒரு மசோதாவை நேரடியாகக் கொன்ற நாளும் உண்டு. டெக்சஸ், 2013 ஜூன் 25. அது எதிர்த்தரப்பின் கூட்டம். சட்டமன்ற மாளிகையில் உரிமை ஆதரவாளர்கள் ஆரஞ்சு நிறச் சட்டை, எதிர்ப்பாளர்கள் நீலம். கருக்கலைப்புக் கட்டுப்பாட்டு மசோதா ஒன்றின் வாக்கெடுப்பைத் தள்ளிப்போட, செனட்டர் வெண்டி டேவிஸ் சுமார் 11 மணி நேரம் நின்று பேசினார். அவரை நிறுத்திய பிறகு, பார்வையாளர் மாடத்தின் கூச்சலில் வாக்கெடுப்பு நள்ளிரவைத் தாண்டிவிட்டது. சிறப்புக் கூட்டத்தொடரின் கெடு முடிந்து மசோதா செத்தது. ஆளுநர் இன்னொரு சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். ஜூலை 18இல் கையெழுத்தே ஆகிவிட்டது. கூட்டம் சம்பாதித்துக் கொடுத்தது மூன்று வாரம். பெரும்பான்மை வாக்குகள் இருக்கும் அவையில் கூட்டத்தால் முடிவது காலத்தைத் தள்ளுவது மட்டுமே.

அந்தச் சட்டம் 20 வாரத்துக்கு முந்தைய கருக்கலைப்பைத் தடை செய்வதாக எங்கும் சொல்லவில்லை. மருத்துவருக்கு 30 மைலுக்குள் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் அனுமதி இருக்க வேண்டும், கிளினிக் அறுவைசிகிச்சை மையத்தின் கட்டடத் தரத்தில் இருக்க வேண்டும் என்றது. மாநிலத்தில் 40க்கு மேல் இருந்த கிளினிக்குகள் ஏறக்குறையப் பாதியாயின. 2016இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்று அந்த விதிகளை அடித்தது. மூடிய கிளினிக்குகளில் பெரும்பாலானவை திரும்பத் திறக்கவில்லை. குத்தகை போயிற்று, உரிமம் காலாவதியாயிற்று, மருத்துவர் ஊர் மாறிவிட்டார். வழக்கில் தோற்றும் கொள்கையில் ஜெயிக்கலாம் என்பதை எதிர்ப்பாளர்கள் குறித்துக்கொண்டார்கள். 2019இல் டெக்சஸின் வாஸ்கம் என்ற சிற்றூரின் நகர மன்றத்தில் கருக்கலைப்பைத் தடை செய்யும் தீர்மானம் வந்தது. தனிநபர்களே வழக்குப் போட்டு அமல்படுத்தும் ஏற்பாடு அதில் இருந்தது. இரண்டே ஆண்டில் அந்த யோசனை மாநிலச் சட்டமாக விரிந்தது, யார் வேண்டுமானாலும் வழக்குப் போட்டுக் குறைந்தது 10,000 டாலர் கேட்கலாம் என்று.  தேசிய ஊடகங்கள் விழித்துக்கொண்டபோது யோசனை எங்கோ போய்விட்டிருந்தது.

கிளினிக் வாசல் நடைபாதையில் எதிர்ப்பாளர்கள் நிற்பது பற்றிய வழக்குகளில் ஒன்றிரண்டு சொன்னால் போதும். எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதை நீதிமன்றம் அளந்துகொண்டே வந்திருக்கிறது. 1994இல் 36 அடி சரி, 300 அடிக்குள் யாரையும் நெருங்காதே என்பது தவறு. 2000இல், வாசலிலிருந்து 100 அடிக்குள் சம்மதமின்றி ஒருவரை 8 அடிக்குள் நெருங்காதே என்ற கொலராடோ விதி சரி. 2014இல் மாசசூசெட்ஸின் 35 அடி ஒன்பது பேராலும் நிராகரிக்கப்பட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கத்துகிறவர் அல்லர், பெண்களிடம் தணிந்த குரலில் பேசும் ஒரு முதியவர். எந்த மாதிரி எதிர்ப்பாளரை முன்னே நிறுத்துகிறோம் என்பதில் வழக்கின் பாதி முடிவாகிவிடுகிறது. மாநிலம் சில வாரங்களில் புதுச் சட்டம் எழுதியது: வழியை அடைத்தால் காவலர் எழுத்தில் உத்தரவிட்டு, 25 அடி தள்ளி, அதிகபட்சம் 8 மணி நேரம் நிற்கச் சொல்லலாம். கோடு போட்டு எல்லோரையும் தள்ளுவதற்குப் பதில் குற்றம் செய்தவரை மட்டும் தள்ளுவது. இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சட்டம் மாறாமல் கொள்கை மாறுவதும் உண்டு. 2025 ஜனவரி 23இல், அந்த ஆண்டுப் பேரணிக்கு முந்தின நாள், ஃபேஸ் வழக்குகளில் தண்டிக்கப்பட்ட 23 பேருக்கு அதிபர் டிரம்ப் மன்னிப்பளித்தார். மறுநாளே, அசாதாரணச் சூழ்நிலை இருந்தால் ஒழிய அந்தச் சட்டத்தில் வழக்குப் போட வேண்டாம் என்று நீதித் துறை குறிப்பு அனுப்பியது. 1994இல் எழுதிய வாசகத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இப்போது தாளில் கூடிக்கொண்டே வரும் வரிசைகள் கருக்கலைப்பு மாத்திரை பற்றியவை. மிஃபெப்ரிஸ்டோன் 2000 செப்டம்பரில் அனுமதி பெற்றது. 2023இல் அமெரிக்கக் கருக்கலைப்புகளில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவை மாத்திரையால் நடந்தன. அதில் ஒரு பகுதி தொலைமருத்துவம் வழியாகத் தபாலில் போகிறது. 2023 பிப்ரவரியில் 20 மாநிலங்களின் அரசுத் தலைமை வழக்கறிஞர்கள் இரண்டு பெரிய மருந்துக்கடைச் சங்கிலிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரு மாதத்துக்குள் அதில் ஒன்று, அந்த மாநிலங்களில் மாத்திரையை விற்கப்போவதில்லை என்றது. கடைகளுக்கு முன்னால் சில போராட்டங்களும் நடந்தன, ஆனால் முடிவைத் தேடிப் பிடித்தால் அது கடிதத்தின் தேதியில்தான் போய் நிற்கிறது. 2024 ஜூனில் மாத்திரை அனுமதியை எதிர்த்த மருத்துவர்களின் வழக்கை, வழக்குத் தொடுக்கும் தகுதியே அவர்களுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஒன்பது பேராலும் தள்ளியது. சில மாநிலங்கள் அதைத் தங்கள் பெயரில் தொடர முயன்றன. மருந்துத் துறை விதிமுறை, தபால் பற்றிய 1873ஆம் ஆண்டின் காம்ஸ்டாக் சட்டம், மாநிலங்களுக்கு இடையிலான வழக்குகள் என்று வரிசைகள் நீள்கின்றன. எண், தேதி, நீதிமன்றம் என்று ஒவ்வொரு கட்டமும் நிரம்புகிறது. “போராட்டம்: இடம், தேதி” என்ற கடைசிக் கட்டம்தான் அந்த வரிசைகளில் பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது. தபால் உறைக்கு வாசல் கிடையாது.